கத்தவிடாத பெட்டி

அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ஆமை. வைத்தவள் அக்கா. பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கிற நேரத்தில், செருப்பு வாரை ஒரு துளை தள்ளிப் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வாசலில் நிற்கும் தங்கைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கல்யாணம் பேசும்போது அக்கா இந்தப் பெயரை மாப்பிள்ளையின் காதிலும் போட்டுவைத்தாள். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். "எனக்கும் வேகம் ஆகாதுங்க. கொஞ்சம் முடுக்கினா பிள்ளைங்களோட அம்மாங்க என்னைக் கிழிச்சிடுவாங்க" என்றார். பொருத்தம் அத்தோடு முடிந்தது.

ஆமையின் முதல் வேலை, கம்ப்யூட்டர் பழுதைத் தொலைபேசியில் கேட்டுப் பதில் சொல்லும் ஓர் அலுவலகத்தில். நீண்ட கூடம், வரிசையாக மேசை, மேசைக்கொரு ஆள், ஆளுக்கொரு காதுக்கருவி. யார் சீக்கிரம் பேசி முடிக்கிறார்களோ அவர்கள் பெயர் சுவர்ப் பலகையில் மேலே ஏறும். அவள் பெயர் பலகையின் கடைசி வரியிலேயே குடியிருந்தது. அழைத்தவரின் கம்ப்யூட்டர் உண்மையிலேயே ஓடும்வரை அவள் போனை வைக்க மாட்டாள். மேற்பார்வையாளர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்க வைத்தியம் பாக்குறீங்கம்மா. நம்ம வேலை ஆளை அனுப்பி வைக்கிறது."

அனுப்பி வைக்கப்பட்டவள் அவளே.

வீட்டுக்கு வந்தவள் பழைய சாமான் கடையில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளை மூட்டையாக வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திறந்தாள். உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் வட்டத் தட்டுகள். அவற்றின் மேல் தொடாமல் மிதக்கும் ஊசி போன்ற கை. எதைத் தொட்டால் எது கெடும் என்று கெடுத்துக் கெடுத்தே கற்றாள். வீட்டுக்காரர் ஒருநாள் தட்டில் கிடந்த திருகாணியை எடுத்துக் காட்டி, "இது உப்புக்கா, உறைப்புக்கா?" என்று கேட்டார். அந்த வாரமே அவளுக்குத் தனி அறை தேடிக் கொடுத்தவரும் அவர்தான்.

அறை, ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில். கீழே இஸ்திரி எந்திரம் அழுத்தும்போதெல்லாம் தரை லேசாக அதிரும், சன்னல் வழியாகச் சூடான சோப்பு வாசனை ஏறிவரும். வாடகை குறைவாக இருந்ததற்குக் காரணம் அந்த அதிர்வு. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதிர்ச்சி ஆகாது. அதனால் மேசைக்கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் வைத்தாள். அதற்கும் அடங்காத கேஸ்களைத் திங்கட்கிழமைக்கு ஒதுக்கினாள். திங்கள் சலவைக் கடைக்கு விடுமுறை. மாடிக்கு அது அறுவை சிகிச்சை நாள்.

டிஸ்க்கில் தொலைந்ததை மீட்டுத் தரும் வேலையில் அவளுக்கு இப்போது நல்ல பெயர். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாசகத்தோடுதான் படியேறுவார்கள்: "நான் ஒண்ணுமே பண்ணலைங்க. அதுவா நின்னுடுச்சு." ஒருவர் டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வந்தார், மேல்மூடியில் பனி பூத்திருந்தது, ஓரத்தில் உறைந்த பட்டாணி ஒன்று ஒட்டியிருந்தது. கேட்டால், அதுவா நின்னுடுச்சு. இன்னொருவர் கொண்டுவந்ததன் முனை நசுங்கியிருந்தது. சுத்தியல் படாமல் இரும்பு அப்படி நசுங்காது. அதுவும் அதுவா. வீட்டில் இதற்கு 'அதுவா நோய்' என்றே பெயர். கண்ணாடி டம்ளர் உடைந்தால் மகள் முந்திக்கொண்டு, "அதுவாம்மா" என்பாள்.

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள். மூன்றாவதாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஆமையின் கட்சி. ஆனால் அவள் யாரையும் மடக்கிக் கேட்பதில்லை. டிஸ்க் கைக்கு வந்ததும் அவள் செய்யும் முதல் காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். வந்தவரையும் அப்படியே உட்காரச் சொல்வாள். "பதறாத காரியம் சிதறாது" என்று முடிந்தால் சிரித்துக்கொண்டே சொல்வாள். கட்டிய கையோடு பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம் என்பதை அனுபவத்தில் கண்டுவைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் படியேறி வந்தது வாடிக்கையாளர் அல்ல, கொழுந்தன். வீட்டுக்காரரின் தம்பி. சோபா மெத்தை ஒன்றைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். மெத்தைக்கு நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"அண்ணி" என்றான். "நான் ஒண்ணும்..."

"அதுவாவா?"

"அதுவாத்தான் அண்ணி!"

"உக்காரு தம்பி. கையைக் கட்டு."

அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியும். அவளே வாங்கிக் கொடுத்தது. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். கண்ணாடியும் பிம்பமும் மாதிரி. ஒன்று செத்தால் மற்றது சுமக்கும். அப்போது பெட்டி விடாமல் பீப் பீப் என்று கத்தும், செத்ததை மாற்றும்வரை. அந்தக் கத்தலுக்காகத்தான் வேறு பெட்டியை விட்டு இதை அவள் தேர்ந்தெடுத்தாள்.

கொழுந்தன் ஒலிப்பதிவுக்காரன். கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்யும் சின்ன நிலையம் ஒன்றில் வேலை. கண்ணாடி வைத்த ஓர் அறை. உள்ளே வாசிப்பவர், வெளியே இவன். காதுதான் இவனுக்குச் சோறு போடுகிறது. மின்விசிறி கிரீச்சிட்டால் நிறுத்துவான். பக்கம் புரளும் சத்தத்துக்கு முகம் சுளிப்பான். வீட்டுக்குச் சாப்பிட வந்தால் குழாய் சொட்டுவதை மூடிவிட்டுத்தான் உட்காருவான்.

"என்ன இருக்கு இதுல?"

"உடற்கூறு புத்தகம் அண்ணி. அறிவிப்பாளர் அம்மா வாசிச்சது. முழுசும்."

ஆமை பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

அறிவிப்பாளர் அம்மாவைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் குறைவு. பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ரயில் நிலையத்தில் வண்டி வரவையும் போக்கையும் சொன்ன குரல் அது. ஓய்வு பெற்றபின், இயன்முறை மருத்துவம் படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்காகத் தலையணை கனமுள்ள ஒரு பாடநூலை வாசிக்க ஒப்புக்கொண்டார். எலும்பு, தசை, நரம்பு என்று வாரம் மூன்று நாள் வந்து, கடைசிப் பக்கத்தைப் போன மாதம்தான் முடித்தார். இப்போது தொண்டையில் ஒரு கட்டி. வரும் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. பேச்சு வரும், ஆனால் பழைய குரல் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க" என்றான் கொழுந்தன். "ஸ்டேஷன்ல இப்ப மெஷின் பேசுது. என் குரல் இந்தப் புத்தகத்துலயாவது முழுசா ஒரு இடத்துல இருக்கட்டும்னாங்க."

"என்ன ஆச்சு? வரிசையாச் சொல்லு."

பெட்டி அன்று காலை திறக்க மறுத்தது. அணைத்துப் போட்டான். திரையில் ஒரு கேள்வி வந்தது: ஜோடியைப் புதிதாக அமைக்கவா? ஆம் என்று அழுத்தினான். பெட்டி ஏதோ நகலெடுக்கத் தொடங்கியது. திறந்து பார்த்தால் புத்தகம் பாதியோடு நின்றது. முழங்கைக்குப் பிறகு ஒன்றுமில்லை. பயந்துபோய் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

"பிடுங்கினது ஒண்ணுதான் நீ செஞ்ச நல்ல காரியம்" என்றாள் ஆமை. "இதுக்கு முன்னாடி பெட்டி கத்துச்சா?"

"கத்தலையே அண்ணி." கட்டியிருந்த கை அவிழ்ந்து காதைச் சொறிந்தது.

அவள் அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அவள் மனக்கணக்கு இதுதான். பெட்டி கத்தவில்லை என்றால் இரண்டு டிஸ்க்கும் கடைசிவரை ஒன்றாகவே ஓடியிருக்க வேண்டும். அப்படியானால் இரண்டிலும் புத்தகம் முழுசாக இருக்க வேண்டும். ஆனால் பாதிதான் இருக்கிறது. எங்கேயோ ஒரு படி இடிக்கிறது. தேதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பெட்டிக்குள் கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. கோப்புகளெல்லாம் பெட்டி பிறப்பதற்கு முந்திய ஏதோ ஒரு வருஷத்துத் தேதியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி நின்றன. எந்த டிஸ்க் கடைசியாக உயிரோடு இருந்தது என்று டிஸ்க்குகளே ஒரு குறிப்பு வைத்திருக்கும். 'ஆம்' என்று அழுத்திய விரல் அதையும் அழித்துவிட்டது.

இரண்டையும் கழற்றி அ, ஆ என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினாள். அ நல்ல ஆரோக்கியம். எழுப்பினால் எழுந்தது, சத்தமில்லாமல் சுழன்றது. அன்றைக்கே அதன் முழு நகலும் கிடைத்துவிட்டது. ஆ அப்படியில்லை. உள்ளே 'டிக், டிக்' என்று நாக்கைச் சப்புக்கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். அதைத் திங்கட்கிழமைக்கு வைத்தாள்.

இடையில் சனிக்கிழமை ஒரு விருந்தாளி. கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துணி. கையில் கனமான புத்தகம். படியேறிய மூச்சு அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நீங்கதான் ஆமையா?"

குரலைக் கேட்டதும் தன்னையறியாமல் பெட்டி படுக்கையைச் சரிபார்க்கத் தோன்றியது அவளுக்கு. "தம்பி அந்தப் பேரையும் சொல்லிட்டானா?"

"பேர் தெரியாம வண்டியை எப்படிம்மா கூப்பிடறது?" அறிவிப்பாளர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "பாதி போச்சுன்னான். முகத்தைப் பாத்தா முழுசும் போன மாதிரி இருந்துச்சு. புதன்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. முழங்கையில இருந்து மறுபடி வாசிச்சிடறேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"பேசாதேன்னார்."

"அப்புறம்?"

"டாக்டருக்கு என்ன, அவருக்குத் தொண்டை நல்லா இருக்கு."

ஆமை சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. இதற்குப் பதில் சொல்வது சின்ன விஷயமில்லை. வாசியுங்கள் என்றால், புண்பட்ட தொண்டை பாதிப் புத்தகத்தை நாலு நாளில் இழுக்க வேண்டும், முடியவும் முடியாது. வேண்டாம் என்று சொல்லி, டிஸ்க்கும் கைவிட்டால், இருக்கிற நாலு நாளும் அவள் பேச்சால் போனதாகும். பழுதுபட்ட டிஸ்க்கை இன்னும் நகலெடுக்கக்கூடத் தொடங்கவில்லை.

கையைக் கட்டிக்கொண்டாள். அறிவிப்பாளர் அம்மாவும், யாரும் சொல்லாமலே, கட்டிக்கொண்டார். கீழே இஸ்திரி எந்திரம் புஸ்ஸென்று மூச்சு விட்டது.

"வாசிக்க வேண்டாம்மா" என்றாள் கடைசியில். "எதெது நிச்சயமா இல்லைன்னு செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள்ள சொல்றேன். அதை மட்டும் புதன்கிழமை வாசிங்க. அதுவரைக்கும் வீட்டுல யாராவது திட்டினாக்கூடத் திருப்பித் திட்டாதீங்க."

"அதுதான்மா கஷ்டம்" என்று எழுந்தார் அவர்.

திங்கட்கிழமை சலவைக் கடை மூடியிருந்தது. தரை அசையவில்லை. ஆ டிஸ்க்கை ரப்பர் தொட்டிலில் கிடத்தி நகலெடுக்கத் தொடங்கினாள். நோயாளியின் மேல் நேரடியாக எந்த வேலையும் செய்யக் கூடாது. முதலில் நகல், பிறகு நகலின் மேல்தான் வைத்தியம். அதிலும் ஒரு நியாயம் உண்டு. டிஸ்க் ஓர் இடத்தில் திணறினால் அங்கேயே நின்று மல்லுக்கட்டக் கூடாது. தாண்டிப்போய் நல்ல இடங்களையெல்லாம் முதலில் வாரிக்கொள்ள வேண்டும். பிறகுதான் திணறிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இதை அவளுக்குப் புரியவைத்தது எந்தப் பாடப் புத்தகமும் இல்லை, வீட்டுக்காரர்தான். "ஒரு பிள்ளை செருப்பைத் தேடிட்டு இருக்குன்னு நின்னா பஸ்சுல இருக்கிற மத்த பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் போச்சு. எல்லாத்தையும் ஏத்து. திரும்பி வர்றப்ப அவனைப் பாத்துக்கலாம். சில நாள் அவன் வரமாட்டான். அதுக்கு என்ன பண்றது?"

நகல் ஊர்ந்தது. அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்து அ டிஸ்க்கில் கிடைத்த பாதிப் புத்தகத்தைக் கேட்டாள். சந்தேகம் தீர வேண்டும். பாதியில் ஏன் நின்றது?

கடைசிக் கோப்பைப் போட்டாள். அறிவிப்பாளர் அம்மா முழங்கையைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த எலும்பு மேட்டின் பின்புறமாகச் செல்லும் நரம்பு, தோலுக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே அடிபடும்போது விரல்க..."

அவ்வளவுதான். சொல் நடுவில் அறுந்தது.

ஆமை நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனிதர் ஒருவர் பதிவை நிறுத்தினால் வாக்கியம் முடிந்தபின் நிறுத்துவார். குறைந்தது சொல் முடிந்தாவது நிறுத்துவார். அதிலும் தன் கொழுந்தன் ஒரு மூச்சைக்கூடப் பாதியில் வெட்டாதவன். இது கை நிறுத்தியது இல்லை. அம்மா 'விரல்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த கணத்தில், ஏதோ இணைப்பு விட்டுப்போய், அ டிஸ்க் ஜோடியிலிருந்து கழன்றுகொண்டது. அதற்குப் பிறகு வந்த பாதிப் புத்தகம் முழுக்க ஆ டிஸ்க்கில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் வெள்ளிக்கிழமை நடந்தது இது: புதிதாக அமைக்கவா என்று கேட்ட பெட்டி, பாதியோடு நின்ற அ டிஸ்க்கை நல்லதென்று நம்பி, முழுப் புத்தகமும் இருந்த ஆ டிஸ்க்கின் மேல் அதை எழுதத் தொடங்கியது. தலைப்பகுதி அழிந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அந்தத் தலையில்தான் இருந்தது. ஒயரைப் பிடுங்கியதால் உடம்பு தப்பியது. குரல் அங்கேதான் இருக்க வேண்டும், பெயரில்லாமல், வரிசையில்லாமல்.

எல்லாம் சரி. ஆனால் டிஸ்க் கழன்றால் பெட்டி கத்தியிருக்க வேண்டுமே?

செவ்வாய் காலை நகல் கைக்கு வந்தது. திணறிய சில இடங்கள் கடைசிவரை திரும்பவில்லை. அட்டவணை இல்லாததால், ஒலிக்கோப்பு ஒவ்வொன்றும் தொடங்கும் அடையாளத்தைத் தேடி, அங்கங்கே வெட்டி எடுக்கும் வேலையை நிரலிடம் விட்டாள். மத்தியானத்துக்குள் திரை முழுக்க வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட துண்டுகள் குவிந்தன. கொழுந்தனைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஹெட்போனோடு உட்கார்ந்தார்கள்.

ஏழெட்டுத் துண்டு கேட்டபின் அது அவள் காதில்தான் விழுந்தது. "...அங்கே அடிபடும்போது விரல்கள் வரை மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும்." அறுந்த சொல் ஒட்டிக்கொண்டது! அவள் கையைத் தட்டப் போனாள். அடுத்த கணம் பின்னணியில் ஒரு சத்தம்.

பீப். பீப். பீப்.

அறிவிப்பாளர் அம்மாவின் குரல்: "தம்பி, உங்க பெட்டி யாரையோ கூப்பிடுது."

கொழுந்தனின் குரல், தள்ளி நின்று: "ஒரு நிமிஷம்மா." பிறகு திருகாணி கழலும் சத்தம். பிறகு 'நறுக்' என்று ஒரு சின்ன ஒலி. அதற்குப் பிறகு அமைதி. சுத்தமான, அழகான, தொழில் தெரிந்தவன் உண்டாக்கிய அமைதி. "ஆச்சும்மா. படிங்க."

ஆமை ஹெட்போனைக் கழற்றிக் கொழுந்தன் காதில் மாட்டினாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

அவன் முகம் மெல்ல மெல்ல இறங்கியது. 'நறுக்' வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் அண்ணி" என்றான். "பதிவு முடிஞ்சதும் பாத்துக்கலாம்னுதான் பீப் ஒயரை வெட்டினேன். சத்தம் நின்னதும் மறந்துட்டேன்."

"வெள்ளிக்கிழமை கேட்டேனே தம்பி, கத்துச்சான்னு."

"கத்தலைன்னு சொன்னது பொய் இல்ல அண்ணி. கத்த முடியாதே அதால."

அவள் அவனை முறைக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. "நல்லா இருக்குடா நியாயம்! ஒருத்தி வாயைத் தைச்சுட்டு, அவ ஒண்ணும் சொல்லலையேன்னு சொல்ற மாதிரி."

அவனும் சிரித்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தபின் அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டவும் நேரமில்லை. துண்டுகள் மலைபோல் கிடந்தன. பெயரில்லை, தேதியில்லை, வரிசையில்லை. ஒரே வாக்கியத்தைத் திருத்தி மறுபடி வாசித்த துண்டுகள் வேறு. உடற்கூறு தெரியாத இரண்டு பேர் எலும்பை எலும்போடு எப்படிச் சேர்ப்பது?

"தலைப்பையாவது கேட்டுப் பாக்கலாம்" என்று அவள் ஒரு துண்டின் தொடக்கத்துக்குப் போனாள்.

"நேரம், காலை பத்து மணி பத்து நிமிடம். பாடம் பதினான்கு. பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து."

ஆமை திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தாள். "என்ன இது?"

"அதுவா?" என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஸ்டேஷன் பழக்கம் அண்ணி. நேரம் சொல்லாம அந்தம்மாவுக்கு வாயே திறக்காது. எத்தனையோ தடவை சொல்லிட்டேன், அம்மா இது ரயில் இல்ல, நீங்க பாட்டுக்குப் படிங்கன்னு. கேக்க மாட்டாங்க. மறுபடி வாசிச்சாக்கூட, 'பக்கம் இன்னது, திருத்தம்'னு சொல்லிட்டுத்தான் தொடங்குவாங்க. புத்தகம் முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா வெட்டிடலாம்னு விட்டு வெச்சிருந்தேன்."

"இன்னும் வெட்டலையே?"

"சோம்பேறித்தனம் அண்ணி."

"உன் சோம்பேறித்தனம் நூறு வருஷம் வாழட்டும்" என்றாள் ஆமை.

அதற்குப் பிறகு வேலை ரயில் வேகத்தில் ஓடியது என்று சொல்ல ஆசைதான். ஆமை வேகத்தில்தான் நடந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தலையை மட்டும் கேட்பது, பாடமும் பக்கமும் எழுதிப் பெயர் மாற்றுவது, திருத்தம் என்று வந்தால் பழையதைத் தள்ளி வைப்பது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த வீட்டுக்காரரும் ஒரு ஹெட்போனை வாங்கிக்கொண்டார். "ஏம்மா, என் பஸ்சுலயும் இந்தம்மா மாதிரி ஒருத்தர் இருந்தா, எந்தப் பிள்ளையும் தூங்கிட்டு ஸ்டாப்பை விடாது" என்றார். இருட்டுவதற்குள் மணிக்கட்டும் முதுகும் இடுப்பும் தொடையும் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. கணுக்கால் கிடைத்தது. பாதம் கிடைத்தது. வராதது முழங்கால்தான். அதில் சில பக்கங்கள், டிஸ்க் திணறிய அந்த இடத்தில் விழுந்திருந்தன. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். வரவில்லை.

அவள் நிலையத்தின் எண்ணுக்கு இல்லாமல் நேராக அறிவிப்பாளர் அம்மாவின் வீட்டுக்கே போன் போட்டாள். "முழங்கால் மட்டும்தான்மா. ஒரு மணி நேரம் வாசிச்சாப் போதும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பேசாதே என்ற கட்டளையை அவர் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார் போலிருந்தது. பிறகு வந்தது: "அந்த மூட்டு எனக்கும் தகராறுதான்."

புதன்கிழமை ஆமையும் நிலையத்துக்குப் போனாள், கையில் புதுப் பெட்டியோடு. அதைக் கண்ணாடி அறைக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை. நடையில், எல்லாரும் டீ எடுத்துக் குடிக்கும் மேசைக்கு மேல் ஒரு பலகை அடித்து அங்கே ஏற்றினாள். சோதிக்க வேண்டும் என்று ஒரு டிஸ்க்கை வெளியே இழுத்தாள். பெட்டி போட்ட கூச்சலில் கணக்கர் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். கொழுந்தன் பழக்க தோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்து, அண்ணியைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார் அறிவிப்பாளர் அம்மா. "நல்ல தொண்டை" என்றார். "இதுக்கு யாரும் கத்தி வெக்காதீங்க."

டிஸ்க்கைத் திரும்பச் செருகியதும் சத்தம் அடங்கியது. கதவு மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆமைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் உதடு முதலில் அசைந்த விதத்தில், நேரம் சொல்கிறார் என்று தெரிந்தது. குரல் அங்கங்கே கரகரத்ததாகக் கொழுந்தன் பிறகு சொன்னான். திருத்தம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லையாம்.

புத்தகம் மாணவர்களிடம் போனபோது நேரத்தையும் பக்கத்தையும் அவன் வெட்டவில்லை. அண்ணி சொன்னதால் இல்லை. சோதனைக்காகக் கேட்டுப் பார்த்த ஒரு மாணவி, "இதை எடுத்துடாதீங்க சார். எங்க விட்டோம், எங்க இருக்கோம்னு வேற யாருமே எங்களுக்குச் சொல்றதில்ல" என்றாளாம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், சலவைக் கடை மாடியில் போன் அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் கனத்த, அடித்தொண்டைக் குரல் ஒன்று. ஆணா பெண்ணா என்றுகூட முதலில் பிடிபடவில்லை. யாரோ புது வாடிக்கையாளர் என்று பேனாவைத் தேடினாள்.

"நேரம், காலை பதினொரு மணி" என்றது குரல்.

ஆமை பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா! எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். என் பொண்ணு வீட்டு மாப்பிள்ளை, சளி பிடிச்ச யானைன்னு கேலி பண்றார். அது கிடக்கட்டும். என் போன்ல இருந்த படமெல்லாம் காணோம்மா. நான் ஒண்ணுமே பண்ணல. அதுவா..."

"கையைக் கட்டிட்டு உக்காருங்கம்மா" என்றாள் ஆமை, நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "எதையும் தொடாதீங்க. இப்ப வரிசையாச் சொல்லுங்க."